காதில் விழுந்தது, கோப்பில் ஏறியது

(தொம்மலூரில் தமிழ் வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

பெங்களூரில் பெருமழை கொட்டி ஓய்ந்த மறுநாள் ஆங்கில நாளிதழைப் பிரித்தால், 'அன்ஹீடெட்' என்ற பெயரடை ஏதாவது ஒரு பத்தியில் உட்கார்ந்திருக்கும். எச்சரிக்கைக்கு முன்னால் வரும், வேண்டுகோளுக்கு முன்னால் வரும், நிபுணர் குழு அறிக்கைக்கு முன்னாலும் வரும். தமிழ் நாளிதழில் அந்த இடத்தை 'புறக்கணிக்கப்பட்ட எச்சரிக்கை' அல்லது 'கண்டுகொள்ளப்படாத கோரிக்கை' பிடித்துக்கொள்ளும். தண்ணீர் வடியும்வரை இந்தச் சொற்களுக்கு நல்ல கிராக்கி. வடிந்தபின் அடுத்த மழைவரை ஓய்வு.

இந்தப் பெயரடையில் ஒரு வசதி இருக்கிறது. எச்சரித்தவர் யார் என்பது செய்தியில் பெரும்பாலும் வந்துவிடும். யாரிடம் எச்சரித்தார், எந்தத் தேதியில், அதைப் பெற்றுக்கொண்டவர் என்ன செய்தார் என்பதெல்லாம் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் கரைந்துபோகும். எச்சரிக்கை தானாகவே புறக்கணிக்கப்பட்டுவிட்டதைப் போல, மழை தானாகப் பெய்ததைப் போல வாக்கியம் முடிந்துவிடும். எழுவாய் இல்லாத வாக்கியம் யாரையும் உறுத்துவதில்லை. ஆகவே எல்லாருக்கும் அது பிடித்திருக்கிறது.

இதிகாசம் எழுதியவர்களுக்கு இந்த வசதி தேவைப்படவில்லை. வீடணன் சொன்னான், கும்பகர்ணன் சொன்னான், மாலியவான் சொன்னான். கேளாதவன் இராவணன் என்று கதை பெயரைச் சொல்லிவிடுகிறது. பாரதத்தில் இன்னும் நுட்பமான ஓர் ஆள் உண்டு: திருதராட்டிரன். உறக்கம் வராத இரவில் விதுரனை வரவழைத்து, உட்காரவைத்து, விடியவிடிய நீதி சொல்லச் சொல்லிக் கேட்டவன் அவன். சொன்னதில் எதையும் அவன் மறுக்கவில்லை. நீ சொல்வது சரிதான், ஆனாலும் மகனை நினைத்தால் மனம் மாறிவிடுகிறது என்பதுதான் அவனுடைய பதில். எச்சரிக்கையை ஒதுக்குகிறவன் என்றதும் நம் நினைவுக்கு வருபவன் இராவணன். அரசாங்கங்கள் பெரும்பாலும் திருதராட்டிரன் கட்சி.

செவிடன் காதில் ஊதிய சங்கு என்ற பழமொழி இந்த இடத்தில் கொஞ்சம் அநியாயமானது. அது பழியைச் செவிடன்மேல் போடுகிறது. பெங்களூர் ஏரிகளின் கதையில் காதுகள் நன்றாகவே வேலை செய்தன. சங்கை வாங்கிக் கொடுத்ததும், ஊதுகிறவருக்குச் சம்பளம் கொடுத்ததும், ஊதியதை அச்சடித்து அரசாணையாக வெளியிட்டதும் அதே அரசாங்கம்தான்.

அந்தக் கதையைத் தொம்மலூரிலிருந்தே தொடங்கலாம். பழைய தொம்மலூரின் மேட்டில் சொக்கநாதசுவாமி கோயில் இருக்கிறது. பெயரைக் கேட்டு மதுரைச் சொக்கரை எண்ணிக்கொண்டு போகிறவர்களுக்கு உள்ளே ஒரு வியப்பு: கருவறையில் நிற்பவர் பெருமாள், இருபுறமும் தேவியர். சோழர் காலத்ததாகக் கருதப்படும் இந்தக் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் உண்டு. அவற்றில் சில பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஹொய்சள வீரராமநாதன் காலத்தில் வெட்டப்பட்டவை. தேசிமாணிக்கப்பட்டணம் என்று ஊருக்கு வழங்கிய இன்னொரு பெயரும் கல்வெட்டில் இருக்கிறது. பி. எல். ரைஸ் 1905ல் வெளியிட்ட எபிகிராபியா கர்நாடிகாவின் ஒன்பதாம் தொகுதி பெங்களூர் மாவட்டத்துக்கு உரியது. கணினி நிறுவனங்களின் கண்ணாடிச் சுவர்களுக்கு நடுவே இப்படி ஒரு தமிழ் ஊர் இருந்ததை அறிய அதைப் புரட்டினால் போதும்.

அந்தக் காலத் தானக் கல்வெட்டுகளில் நிலத்துக்கு முகவரி ஏரிதான். எந்த ஏரியின் கீழ்க் கிடக்கும் நன்செய், எந்தக் கரைக்குக் கிழக்கே உள்ள புன்செய் என்று எல்லை சொல்வார்கள். கடைசி வரிகளில் ஓம்படைக்கிளவி வரும்: இந்தத் தருமத்தைக் காத்தவனுக்குப் புண்ணியம், கெடுத்தவனுக்குக் கங்கைக்கரையில் பசுவைக் கொன்ற பாவம் என்கிற வழக்கமான வாய்பாடு. வெறும் சடங்குச் சொற்கள் என்று ஒதுக்கிவிடலாம். ஆனாலும் அந்த வாக்கியத்தில் எழுவாய் தவறாமல் இருந்தது. கெடுத்தவன் எவனோ, பாவம் அவனுக்கு.

இருபதாம் நூற்றாண்டு அந்த நடையைக் கைவிட்டது. தொம்மலூர் ஏரி இன்று தொம்மலூர் இரண்டாம் கட்டம். சல்லகட்டா ஏரி கர்நாடக கோல்ஃப் சங்கத்தின் பச்சைப் புல்வெளி. கோடிஹள்ளி ஏரி இருந்த இடத்தில் நியூ திப்பசந்திரா, சின்னகரா ஏரி இருந்த இடத்தில் ஈஜிபுரா. இன்னும் தள்ளிப் போனால் சம்பங்கி ஏரி கண்டீரவா மைதானமாகவும், சூளே ஏரி அசோக்நகர் கால்பந்து மைதானமாகவும், தர்மாம்புதி ஏரி மெஜஸ்டிக் பேருந்து நிலையமாகவும் மாறியிருக்கின்றன. ஏரியைத் தூர்த்து எழுந்த பேட்டையில் ஏரிகளைப் பற்றிய சொற்பொழிவு நடப்பது இந்த ஊரின் தனி நகைச்சுவை. இந்தச் சொற்பொழிவும் அதற்கு விலக்கில்லை.

ஒரு நியாயத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். கரை உடைக்கப்பட்ட ஏரிகள் எல்லாவற்றுக்கும் பின்னால் மனைத் தரகர் இருந்தார் என்று எண்ணிவிடக் கூடாது. மலேரியா பயத்தில் உடைத்தவையும் உண்டு. தேங்கிய நீரில் கொசு, கொசுவால் காய்ச்சல், ஆகவே நீரை வெளியேற்று என்று மருத்துவர்கள் சொன்னார்கள், நிர்வாகம் கேட்டது. அதாவது ஓர் எச்சரிக்கையை மதித்ததன் விளைவாகவும் ஏரிகள் போயிருக்கின்றன. பிறகு அந்த நிலம் வெற்றிடமாகக் கிடந்தபோது அதற்கு விலை வந்தது. விலை வந்தபின் மருத்துவரை யாரும் கேட்கவில்லை.

1985ல் கர்நாடக அரசு ஒரு குழு அமைத்தது. தலைவர் என். லட்சுமண ராவ், ஐ.ஏ.எஸ். அதிகாரி, பெங்களூர் நிர்வாகத்தை நன்கு அறிந்தவர். அறிக்கையில் அலங்காரம் எதுவும் இல்லை. ஏரிகளின் கரையை உடைக்காதே, அவற்றை நீர்நிலைகளாகவே வைத்திரு, சாக்கடையை அவற்றில் விடாதே, வரத்துக் கால்வாய்களைத் தூர்வாரு, ஆக்கிரமிப்பை அகற்று. படிக்காத விவசாயிக்கும் தெரிந்த விஷயங்கள். ஆனால் ஒரு மாநகரத்துக்கு அவற்றைக் குழுவைத்துச் சொல்லவேண்டியிருந்தது. அரசு பரிந்துரைகளை ஏற்று 1988 பிப்ரவரி 11 அன்று ஆணை வெளியிட்டது.

1997ல் பெங்களூரில் தேசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. வீரர்கள் தங்குவதற்காகக் கோரமங்களாவில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்று எழுந்தது. இன்றும் அதன் பெயர் நேஷனல் கேம்ஸ் வில்லேஜ். தொம்மலூரிலிருந்து ஈஜிபுரா வழியாகப் போனால் வந்துவிடும். அது நிற்பது கோரமங்களா ஏரி இருந்த நிலத்தில். ஏரிகளை நீர்நிலைகளாகவே வைத்திருப்போம் என்று ஆணை போட்ட ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு, வேறு யாரோ அல்ல, அரசாங்கமே அதைக் கட்டியது. இதைப் 'புறக்கணிக்கப்பட்ட எச்சரிக்கை' என்று எழுதுவது ரொம்பவும் மரியாதையான மொழி.

குழுக்கள் அதோடு நிற்கவில்லை. நில ஆக்கிரமிப்பை ஆராய ஏ. டி. ராமசாமி தலைமையில் சட்டமன்றக் கூட்டுக் குழு 2007ல் அறிக்கை தந்தது. பொதுநிலங்களை மீட்பதற்கான பணிக்குழுவின் தலைவர் வி. பாலசுப்பிரமணியன் 2011ல் கொடுத்த அறிக்கையின் தலைப்பே பேராசையும் உடந்தையும் என்ற பொருளுடையது. ஓர் அரசு அறிக்கைக்கு அப்படித் தலைப்பு வைக்க நெஞ்சுரம் வேண்டும். அதே 2011ல் நீதிபதி என். கே. பாட்டீல் குழு ஏரிப் பாதுகாப்புக்கான முறைகளை வகுத்தது. 'என்விரான்மென்ட் சப்போர்ட் குரூப்' தொடுத்த பொதுநல வழக்கில் கர்நாடக உயர் நீதிமன்றம் 2012 ஏப்ரலில் அவற்றை ஏற்று ஆணையிட்டது. 2014ல் ஏரி ஆக்கிரமிப்பை ஆராய கே. பி. கோலிவாட் குழு, 2017ல் அதன் அறிக்கை. இந்திய அறிவியல் கழகத்தில் டி. வி. ராமச்சந்திராவின் குழு எழுதியவற்றை அடுக்கினால் தனி அலமாரி வேண்டும். விதுரர்களுக்கு இந்த ஊரில் பஞ்சம் வந்ததே இல்லை.

அப்படியானால் சொன்னவை எங்கே போயின? கோப்புகளுக்குள் போயின. அரசு அலுவலகத்தில் எதையும் குப்பைத்தொட்டியில் போடுவதில்லை, அது குற்றம். 'பார்வைக்கு', 'தகவலுக்காக', 'உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது', 'கோப்பில் வைக்கலாம்' என்ற குறிப்புகளோடு காகிதம் மேசை மாறும். ஒவ்வொரு மேசையிலும் அது படிக்கப்படுகிறது, முத்திரை விழுகிறது, பதிவேட்டில் எண் ஏறுகிறது. அனுப்பியவர் தன் கடமையை முடித்துவிட்டார். பெற்றவர் அடுத்தவருக்கு அனுப்பி முடித்துவிட்டார். நிலம் வளர்ச்சி ஆணையத்திடம், மழைநீர்க் கால்வாய் மாநகராட்சியிடம், சாக்கடை குடிநீர் வாரியத்திடம், ஏரி சிறுபாசனத் துறையிடமோ வனத் துறையிடமோ, நீரின் தரம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம். 2002ல் ஏரிகளுக்கென்றே ஓர் ஆணையம் வந்தது. பிறகு அதுவும் கலைந்து இன்னொன்று வந்தது. 2025 செப்டம்பரில் மாநகராட்சியே ஐந்தாகப் பிரிந்துவிட்டது. பழைய எச்சரிக்கைக் கடிதம் இனி ஐந்தில் எந்த முகவரிக்குப் போகவேண்டும் என்று தேடுவதற்கே தனி அலுவலர் வேண்டும்.

தண்ணீருக்கு இந்தத் துறைப் பிரிவினை தெரியாது. அதற்குத் தெரிந்தது மேடும் பள்ளமும்தான். கோரமங்களா–சல்லகட்டா பள்ளத்தாக்கில் விழும் மழை, தொம்மலூரைத் தொட்டுக்கொண்டு பெல்லந்தூர் ஏரிக்கும், அங்கிருந்து வர்த்தூர் ஏரிக்கும், பிறகு தென்பெண்ணைக்கும் போகவேண்டும். மேலே இருந்த ஏரிகள் நிரம்பிக் கலிங்கு வழிந்தபிறகே கீழே நீர் வரும் என்பது பழைய ஏற்பாடு. மேலேயுள்ள ஏரிகளை எடுத்துவிட்டதால், பெய்த மழை முழுதும் ராஜகாலுவே எனப்படும் மழைநீர்க் கால்வாய்களில் ஒரே நேரத்தில் பாய்கிறது. மழையில்லாத நாளில் அதே கால்வாயில் சாக்கடை ஓடுகிறது. நகரத்துக் கழிவுநீரில் ஏறக்குறைய 40 விழுக்காடு பெல்லந்தூருக்கு வருவதாகக் கணக்கு.

2015 மே மாதத்தில் அந்த ஏரியின் நுரை தீப்பிடித்தது. தண்ணீர் எரிந்ததைப் பார்க்க உலகத் தொலைக்காட்சிகள் வந்தன. சலவைத்தூளிலும் சோப்பிலும் உள்ள வேதிப்பொருள் கலிங்கில் விழுந்து கடையப்படுவதால் நுரை என்பது எல்லாரும் ஒப்புக்கொண்டது. தீ மட்கும் சாக்கடையின் மீத்தேனிலிருந்து வந்ததா, கரையில் கொளுத்திய குப்பையிலிருந்து வந்ததா என்று விவாதம் நடந்தது. விவாதம் முடியுமுன் 2017 பிப்ரவரியில் மறுபடி எரிந்தது. 2018 ஜனவரியில் எரிந்தபோது அணைக்க ராணுவ வீரர்கள் ஆயிரக்கணக்கில் இறங்கினார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மாநில அரசுக்கு 50 கோடி ரூபாயும் மாநகராட்சிக்கு 25 கோடி ரூபாயும் விதித்து, ஏரியை மீட்க 500 கோடியைத் தனிக் கணக்கில் வைக்கச் சொன்னது.

2022 செப்டம்பர் 5ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் பெங்களூரில் 131.6 மில்லிமீட்டர் மழை. சர்ஜாப்பூர் சாலையிலும் ஏமலூரிலும் கோடிக்கணக்கில் விலைபோன வீடுகளுக்குள் நீர் புகுந்தது. மென்பொருள் பொறியாளர்கள் டிராக்டரில் ஏறி அலுவலகம் போன படங்களை எல்லாரும் பார்த்திருப்பார்கள். அந்த வாரம்தான் நமது பெயரடைக்கு ஆண்டின் உச்சகட்ட வேலை. தாழ்வான இடத்தில் குடிசை போட்டிருந்தவர்கள் ஆண்டுதோறும் கொடுத்த மனுக்களுக்கு அந்தப் பெயரடைகூட வாய்க்கவில்லை என்பதையும் கவனிக்கவேண்டும். புறக்கணிக்கப்பட்டதாகச் செய்தியில் வருவதற்கே ஒரு தகுதி தேவைப்படுகிறது.

நீரின் பயணம் பெங்களூரோடு முடிவதில்லை. எல்லை தாண்டி ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையில் அது தேங்குகிறது. அங்கேயும் நுரை. மதகு திறக்கும் நாட்களில் ஆற்றில் வெள்ளை மலைபோல மிதந்து, காற்றில் பறந்து வயலில் விழுகிறது. ஓசூர் விவசாயிகள் பல ஆண்டுகளாக முறையிடுகிறார்கள். கிருஷ்ணகிரி ஆட்சியருக்கு மனு கொடுத்தால் அவர் சென்னைக்கு எழுதுவார். சென்னை பெங்களூருக்கு எழுதும். நுரை செய்தவர் ஒரு மாநிலம், நுரையில் நிற்பவர் வேறு மாநிலம். இப்படி ஒரு முறையீட்டுக்கு 'கண்டுகொள்ளப்படாத' என்று அடைமொழி போடுமுன், அதைக் கண்டுகொள்ளவேண்டியவர் யார் என்பதே தீர்மானமாகவில்லை என்று எழுதினால் வாசகருக்கு ஏதாவது புரியும்.

எச்சரித்தவர், பெற்றவர், தேதி மூன்றும் வெளிச்சத்தில் இருக்கும் வழக்குகளும் உண்டு. போபால் அவற்றில் முதன்மையானது. ராஜ்குமார் கேஸ்வானி பெரிய பத்திரிகைக்காரர் அல்ல. 'ரப்பட்' என்ற சிறிய இந்தி வார இதழை நடத்தியவர். யூனியன் கார்பைடு ஆலையில் 1981 டிசம்பரில் பாஸ்ஜீன் வாயு தாக்கி ஒரு தொழிலாளி இறந்தார். கேஸ்வானி துருவத் தொடங்கினார். ஆலைக்குள் போய்வந்தவர்களிடம் பேசினார், நிறுவனத்தின் அமெரிக்கப் பொறியாளர்கள் 1982ல் எழுதிய பாதுகாப்பு ஆய்வறிக்கையைத் தேடிப் பிடித்தார். 1982 செப்டம்பரிலும் அக்டோபரிலும் அடுத்தடுத்துக் கட்டுரைகள் எழுதினார். ஒன்றின் தலைப்பு நகரத்தைக் காப்பாற்றுங்கள் என்று கேட்டது. இன்னொன்று போபால் எரிமலை வாயில் உட்கார்ந்திருக்கிறது என்றது. முதலமைச்சருக்கும் கடிதம் போட்டார். 1984 ஜூனில் 'ஜன்சத்தா' நாளிதழில் மறுபடியும் எழுதினார். அந்த ஆண்டு டிசம்பர் 2 இரவு ஏறத்தாழ 40 டன் மீத்தைல் ஐசோசயனேட் கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள்.

கேஸ்வானியை யாரும் கேட்கவில்லை என்று பொதுவாகச் சொல்வார்கள். பாதிதான் உண்மை. 1982 டிசம்பரில் மத்தியப் பிரதேசச் சட்டமன்றத்தில் ஆலையை ஊருக்கு வெளியே மாற்றும் கேள்வி எழுந்தது. தொழிலாளர் துறை அமைச்சர் பதிலும் சொன்னார். 25 கோடி முதலீடு செய்த ஆலை, எடுத்து வேறிடத்தில் வைக்க அதென்ன சிறு கல்லா என்பது அந்தப் பதிலின் சாரம். எச்சரிக்கை வந்து சேர்ந்தது, எடைபோடப்பட்டது, 25 கோடிக்கு எதிரே வைத்துப் பார்த்தபோது இலேசாகத் தெரிந்தது. இதற்குப் பெயர் கவனக்குறைவு இல்லை. கணக்கு. ஆங்கிலப் பெயரடை இந்தக் கணக்கைத்தான் மூடி மறைக்கிறது.

இலங்கையில் ஒரு நீதிமன்றம் அந்த மூடியைத் திறந்தது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொழும்புக் கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய தேவாலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பு விடுதிகள் எனக் குண்டுகள் வெடித்து 260க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். ஏப்ரல் 4ஆம் தேதியே இந்தியாவிலிருந்து உளவுத் தகவல் போயிருந்தது. தாக்குதல் நடத்தப்போகும் குழுவின் தலைவன் பெயர்கூட அதில் இருந்தது. ஏப்ரல் 11ஆம் தேதி பொலிஸ் உயரதிகாரி ஒருவர் கையெழுத்திட்ட சுற்றறிக்கை, குறிப்பிட்ட சில பிரிவுகளுக்கு மட்டும் போனது. தேவாலயத்துப் பாதிரியாருக்குப் போகவில்லை. மட்டக்களப்பில் ஞாயிறு வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்பிய தாய்மார்களுக்குப் போகவில்லை.

2023 ஜனவரி 12 அன்று இலங்கை உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய். முன்னாள் பொலிஸ் மாஅதிபர் பூஜித் ஜயசுந்தர ஏழரைக் கோடி. அரச புலனாய்வுச் சேவையின் முன்னாள் பணிப்பாளர் நிலந்த ஜயவர்தன ஏழரைக் கோடி. முன்னாள் பாதுகாப்புச் செயலாளர் ஹேமசிறி பெர்னாண்டோ 5 கோடி. தேசிய புலனாய்வுத் தலைவராக இருந்த சிசிர மெண்டிஸ் ஒரு கோடி. தங்கள் சொந்தப் பணத்திலிருந்து பாதிக்கப்பட்டவர்களுக்குக் கொடுக்கவேண்டும். கல்வெட்டின் ஓம்படைக்கிளவிக்குப் பிறகு இத்தனை தெளிவான எழுவாயுள்ள வாக்கியம் இந்தப் பக்கத்தில் எழுதப்பட்டதாகத் தெரியவில்லை. 'எச்சரிக்கை புறக்கணிக்கப்பட்டது' என்ற நாலாண்டுப் பழைய செய்தி வாக்கியத்தில் ஐந்து பெயர்கள் வந்து உட்கார்ந்தன.

மதிக்கப்பட்ட எச்சரிக்கைகளுக்குப் பெயரடை எதுவும் இல்லை. அவை செய்தியாவதும் அபூர்வம். புதுச்சேரிக்குத் தெற்கே நல்லவாடு என்ற மீனவ ஊர். 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர் இளைஞர் ஒருவர் தொலைக்காட்சியில் சுமத்ரா நிலநடுக்கச் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தார். வீட்டில், கடல்நீர் ஊருக்குள் வருகிறது என்றார்கள். உடனே ஓடச் சொன்னார். ஊரில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த தகவல் மையம் இருந்தது; கடல் அலையின் உயரத்தையும் மீன் விலையையும் அறிவிக்கும் ஒலிபெருக்கி இருந்தது. பூட்டை உடைத்துத் திறந்து அறிவித்தார்கள். பெரிய அலை வந்து வீடுகளையும் படகுகளையும் நொறுக்கியது. மூவாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் இருந்த ஊரில் ஓர் உயிர்கூடப் போகவில்லை.

அங்கே எது வேறாக இருந்தது? சொன்னவன் ஊர்ப் பிள்ளை, கேட்டவர் உடன்பிறந்தவர் என்பது ஒன்று. ஆனால் பாசம் மட்டும் போதாது. எச்சரிக்கைக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவில் கையெழுத்துப் போடவேண்டிய ஆள் எவரும் இல்லை. சாவி கிடைக்கும்வரை காத்திருக்கவும் இல்லை. ஒடிசாவில் 1999 புயலில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் இறந்த பிறகு, அந்த மாநிலம் இதையே பெரிய அளவில் செய்துகாட்டியது. புயல் பாதுகாப்புக் கட்டடங்கள் எழுந்தன. எந்த ஊரில் எவர் கதவு தட்டவேண்டும் என்று பொறுப்பு பிரிக்கப்பட்டது. 2013 பைலின் புயலின்போது ஏறக்குறைய பத்து லட்சம் பேர் வெளியேற்றப்பட்டார்கள். இறந்தவர்கள் சில பத்துப் பேர்.

மறுபக்கமும் இருக்கிறது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலநடுக்கம். தமிழகக் கடற்கரையெங்கும் சுனாமி எச்சரிக்கை. சென்னையில் அலுவலகங்கள் காலியாகின, மெரினாவிலிருந்து மக்கள் ஓடினார்கள். புவித்தட்டுகள் பக்கவாட்டில் நகர்ந்த நடுக்கம் என்பதால் பெரிய அலை எழவில்லை. மாலைக்குள் எச்சரிக்கை விலக்கப்பட்டது. மறுநாள் கேலிக்கும் குறைவில்லை. வெளியேற்ற ஆணையிடும் அதிகாரியின் நிலையை இங்கே யோசித்துப் பார்க்கலாம். ஆபத்து வராவிட்டால் அவருடைய பெயர் உடனே தெரிந்துவிடும், பீதி கிளப்பியவர் என்று. சும்மா இருந்து ஆபத்து வந்தாலோ, பெயரில்லாத அந்தச் செயப்பாட்டு வினை அவரைக் காப்பாற்றிவிடும். ஏரி விஷயத்தில் இந்தச் சாய்வு இன்னும் மோசம்: மனைக்கு அனுமதி தந்தவர் மாற்றலாகிப் போய், ஓய்வும் பெற்ற பிறகே அந்த மனைக்குள் தண்ணீர் வருகிறது.

ஆகவே 'புறக்கணிக்கப்பட்ட' என்ற சொல்லைச் செய்தி எழுதுகிறவர்கள் விலக்கவேண்டும் என்பது இந்தப் பேச்சின் கோரிக்கை அல்ல. நல்ல சொல்தான், இருந்துவிட்டுப் போகட்டும். அதைப் போட்டபின் அடுத்த வாக்கியத்தில் மனுவின் தேதியும், அதைப் பெற்ற அலுவலகமும், அப்போது அந்த நாற்காலியில் இருந்தவரின் பதவியும் வரவேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005லிருந்து இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தில், முப்பது நாளில், கோப்பின் நகல் கேட்கலாம். குறிப்புத் தாள்களின் ஓரத்தில் யார் என்ன எழுதினார் என்பது அதில் இருக்கும். திருதராட்டிரன் என்ன பதில் சொன்னான் என்பதை வியாசர் எழுதிவைத்ததால்தான் நமக்குத் தெரிகிறது.

இதற்கான வேலை இப்போதே காத்திருக்கிறது. ஏரியைச் சுற்றிக் கட்டடம் கட்டக் கூடாத இடைவெளி பெங்களூரின் 2015ஆம் ஆண்டுக்கான பெருந்திட்டத்தில் 30 மீட்டர். பசுமைத் தீர்ப்பாயம் 2016 மே மாதம் அதை 75 மீட்டராக்கியது. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை நீக்கியது. தூரம் மறுபடி 30க்கு வந்தது. 2025 ஆகஸ்டில் கர்நாடகச் சட்டமன்றம் ஏரிப் பாதுகாப்புச் சட்டத்துக்கு ஒரு திருத்தம் நிறைவேற்றியது. ஏரி எவ்வளவு பெரிதோ அதற்கேற்ப இடைவெளி. பெரிய ஏரிகளுக்கு 30 மீட்டர், சிறியவற்றுக்கு அதைவிடக் குறைவு, மிகச் சிறிய குட்டைகளுக்கு ஒன்றுமே வேண்டாம். சிறிய ஏரிகள்தான் வெள்ளத்தை மேலேயே பிடித்துவைப்பவை என்று நீரியல் அறிந்தவர்களும் குடியிருப்போர் அமைப்புகளும் எதிர்த்தார்கள். ஆளுநர் தாவர்சந்த் கெலாட்டிடம் மனு கொடுத்தார்கள். அவர் மசோதாவில் கையெழுத்திடாமல் அரசிடம் விளக்கம் கேட்டார். அந்த மனுக்களில் தேதி இருக்கிறது. பெற்றுக்கொண்டதற்கு ஆளுநர் மாளிகையின் முத்திரையும், விளக்கம் கேட்ட கடிதத்தைப் பெற்றதற்குச் சிறுபாசனத் துறையின் முத்திரையும் இருக்கும்.